கறுப்புக்குப் பதில் சிவப்பு

“சிவப்பா?” என்று கேட்டுவிட்டு லெஸ்டர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் முப்பது வருஷமாகப் பழைய கார்களுக்குத் தோல் தைக்கிறவர் அவர். அறுபத்திரண்டாம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் காரின் கறுப்பு டேஷ்போர்டுக்குச் சிவப்புத் தோல் கேட்டு இதுவரை யாரும் அவரிடம் வந்ததில்லை.

தெல்மா அசரவில்லை. சிவப்புதான், அதுவும் கண்ணில் குத்துகிற சிவப்பு, ஓரமெல்லாம் வெள்ளைத் தையல் வேண்டும் என்றாள். வீட்டுக்காரருக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள் வருகிறது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பரிசு கொடுக்கப்போகிறேன் என்று வாய் கூசாமல் அளந்தாள்.

லெஸ்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வெடித்திருந்தாலும் அது கம்பெனியில் ஒட்டிய தோல், உரித்தால் போனது போனதுதான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கடைசியில் தாங்க முடியாமல், “ரோலண்டை எனக்கு இருபது வருஷமாத் தெரியும், தெல்மா. கதவைத் திறந்ததுமே இது என் காரே இல்லைன்னுடுவாரு,” என்றார்.

“அப்படிச் சொன்னாப் போதும், லெஸ்டர்.”

அவர் அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். விளையாடுகிற நிலைமையிலா இருந்தாள் அவள்!

ரோலண்டுக்கு இரண்டு வருஷமாக ஞாபகம் தேய்ந்துகொண்டே வந்தது. போன மாதம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் காரை நடைபாதை மேலேயே ஏற்றிவிட்டார். பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவி செய்ய நின்ற அம்மாள் இரண்டு குழந்தைகளை இழுத்துக்கொண்டு வேலியில் போய் விழுந்தாள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லைசென்ஸை ரத்து செய்து வந்த கடிதத்தை மனுஷன் நாலாகக் கிழித்து நெருப்பில் போட்டார்.

சாவியை ஒளித்து வைத்தாள். ஒயரைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ணிவிட்டார். விற்றுத் தொலைக்கலாம் என்றால் கார் அவர் பெயரில் இருக்கிறது; பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளிடம் கையெழுத்து வாங்க முடியுமா? டாக்டரோ, பொறுத்திருங்கள், காரும் ஒருநாள் மறந்துபோகும் என்றார். அதற்குள் ஒரு குழந்தை அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

யோசனை கொடுத்தது அவர்கள் வீட்டு வாசல் கதவுதான். வசந்தத்தில் அதற்குப் பச்சை அடித்தபோது, ரோலண்ட் தன் வீட்டையே மூன்று தடவை தாண்டிப் போனார். பிடித்து இழுத்து வந்தால், யாரோ வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று வம்பு செய்தார். கதவுக்கு நடந்தது காருக்கும் நடக்கட்டுமே என்று தெல்மா கிளம்பிவிட்டாள்.

காரைப் பார்த்து அவள் பாவப்படவும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட சக்களத்தி அது. நாற்பத்து மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதுதான் தின்றது. தேனிலவுக்குப் போன வழியில், மேலே கூரையில்லாத அந்தக் காரில் மழை பிடித்தபோது, ரோலண்ட் தன் கோட்டைக் கழற்றி டேஷ்போர்டின் மேல் போர்த்தினார். புதுப்பெண் நனைந்துகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தாள்.

கார் வருஷச் சோதனைக்குப் போயிருக்கிறது என்று சொல்லிப் பத்து நாளை ஓட்டினாள். மணிக்கொரு தடவை ஜன்னலில் போய் நின்றாரே தவிர, ரோலண்ட் சண்டை போடவில்லை. டீயை நீட்டினால் எழுந்து நின்று வாங்கிக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்,” என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு நன்றி சொல்லாத மனுஷனுக்கு வியாதியாவது மரியாதை சொல்லிக்கொடுத்ததே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பதினோராம் நாள் காலையில் லெஸ்டர் காரைக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்திவிட்டு, நிற்காமல் போய்விட்டார். சத்தம் கேட்டு ரோலண்ட் வீட்டுச் செருப்போடு ஓடினார். கதவைத் திறந்தவர் அந்தச் சிவப்பைப் பார்த்து அப்படியே நின்றார். இது யாருடைய கார் என்று கேட்டார்.

“லெஸ்டரோடது. ரெண்டு நாள் இங்க நிக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருக்காரு.”

பத்து நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்துவிட்டாள். அவர் சரியென்று தலையாட்டினார். தெல்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பாவம் செய்கிறோம் என்று தெரிந்தேதான் அவள் செய்தாள்.

ஆனால் ரோலண்ட் திரும்பிப் போகவில்லை. உள்ளே நுழைந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இடது கை தானாகக் கியருக்குப் போனது. இரண்டாவது கியர் என்றைக்கும்போல முரண்டு பிடித்தது; உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார், விழுந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

தெல்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தைத்த சிவப்பு, சொன்ன பொய், எல்லாம் வீண். இனி மறுபடியும் சாவிக்குச் சண்டை, ஒயருக்குச் சண்டை. போகட்டும், என்றைக்குத்தான் இவரோடு சண்டை போடவில்லை என்று பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தாள்.

ரோலண்ட் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“கார் என்னுதுதாங்க. உங்களைத்தான் எங்க பாத்தேன்னு ஞாபகம் வரல.”