மிட்ஜுக்குப் போட்ட ஊசி

நியூசிலாந்தின் தரனாகியில் க்ளைவும் அவன் மனைவி நைரியும் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார்கள். மிட்ஜ் என்ற பசுவுக்கு மடிநோய் வந்தபோது, ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றாள் நைரி. அடிக்கடி கையால் கறந்துவிட்டு, மடியில் புதினா எண்ணெய் தடவினாள்.

"மாட்டுக்கு மசாஜா? அப்படியே நெயில் பாலிஷும் போட்டு விடு" என்றான் க்ளைவ்.

ஆனாலும் மிட்ஜ் செத்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். நைரி கடைக்குக் கிளம்பியதும் அவசரமாக ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டுவிட்டான்.

சில நாளில் மிட்ஜ் தேறியது. நைரி ஊரெல்லாம் எண்ணெயின் பெருமையைப் பேசினாள். க்ளைவ் வாயைத் திறக்கவில்லை.

"இன்னிக்கு மிட்ஜோட பாலையும் தொட்டியில ஊத்திடலாம்" என்றாள் ஒரு காலையில்.

எல்லா மாடுகளின் பாலும் சேரும் தொட்டி அது; ஊசி மருந்து கலந்தால் தொட்டிப் பால் முழுவதையும் கீழே கொட்ட வேண்டியதுதான்.

"ஊத்தாத நைரி. நான் அதுக்கு ஊசி போட்டுட்டேன்."

"தெரியும். பர்ஸை மறந்துட்டுத் திரும்பி வந்தப்ப பார்த்தேன்."

"அப்புறமும் ஊத்தப் போறியா?"

"நீ போட்டது மிட்ஜுக்கு இல்ல. பக்கத்துல நின்ன, அதே மாதிரி இருக்கிற அதோட அக்காவுக்கு. அந்தப் பாலைத்தான் தினமும் தனியா கொட்டிட்டு வரேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீயா எப்ப சொல்றேன்னு பார்த்துட்டு இருந்தேன்" என்றபடி மிட்ஜின் பாலைத் தொட்டியில் ஊற்றினாள் நைரி.