அரை கப் சோறு

"இது மனுசன் துன்ற சோறா? நீங்களே பாருங்க."

கையில் எவர்சில்வர் தட்டோடு துளசிங்கம் கேட்டுக்கே வந்துவிட்டார். தட்டின் நடுவில் ஒரு கைப்பிடிச் சோறு. அதைச் சுற்றி வெள்ளரிக்காயும் முட்டைகோஸும் வேலி கட்டியிருந்தன. செம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறு பொழுதுபோக்கு இல்லை. நாலு மாடிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

அந்தத் தெருவில் பாதி மனை ஒரு காலத்தில் அவர் நிலம். அத்தனை நெல் விளைவித்த மனிதருக்கு அரை கப் சோற்றுக்குத் தொண்டை கிழியவேண்டிய விதி. வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கத்தினார். பசியை வேறு எப்படித்தான் அடக்குவது, பாவம்.

"உள்ள வாங்க மாமா, தெருவே பாக்குது" என்று வாசற்படியில் நின்று கெஞ்சினாள் மருமகள் அனுப்பிரியா. புருஷன் வெற்றிவேலுக்கு ஓசூரில் வேலை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"பாக்கட்டும். டாக்டரு வேளைக்கு ஒரு கப்புன்னு சொல்லிகீறாரு. இவ போனைப் பாத்துகினு அரை கப்பு அளக்குறா."

"கார்ப்ஸ் கொறைச்சாதான் மாமா சுகர் எறங்கும். எல்லா வீடியோலயும் அதான் சொல்றாங்க."

"எறங்கும். சுகரோட சேந்து ஆளும் எறங்கிடும்." தட்டை மதில்மேல் அறைந்து வைத்தார். வெள்ளரிக்காய் ஒன்று தெருவில் உருண்டது.

அடுத்த வீட்டு செல்வமேரிக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் சுகர் இருப்பதைக் கண்டுபிடித்ததே அவர்தான். போன மாதம் தன் ஃப்ரிட்ஜ் பழுதாகி, தோசை மாவை அங்கே வைக்கப் போனவர், கதவுத் தட்டில் இன்சுலின் ஊசிகளைப் பார்த்துவிட்டார். பெரியவருக்குச் சுகர் என்கிற சேதி, மாவு புளிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

முனைக் கடை ரத்தினமும் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். பெரியவர் அடிக்கடி ஆரஞ்சு மிட்டாய் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறாராம். ஆனால் அவர் மிட்டாய் சப்பி யாரும் பார்த்ததில்லை. திருட்டுத்தனமாகத் தின்கிறவர் தெருவில் நின்றா தின்பார் என்று தெரு அதற்கும் விளக்கம் வைத்திருந்தது.

மருமகள் மட்டும் என்னவாம்? மாமனாருக்குப் போட்டுவிட்டு, கடைசியில் சமையலறைக்குள் தனியாக உட்கார்ந்து எவ்வளவு வெட்டுகிறாளோ, யார் கண்டது.

செல்வமேரி மட்டன் பிரியாணி டப்பாவோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சுகர்காரருக்குப் பிரியாணியா என்று கேட்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர் கட்சி.

"அண்ணா, நீங்க சாப்பிடுங்க. யாரு தடுக்குறாங்கன்னு நான் பாக்குறேன்." அப்புறம் மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? பெத்த அப்பனுக்கு இப்பிடி அளந்து போடுவியா? இப்பவே வெற்றிவேலுக்கு போன் போடறேன், இரு."

அனுப்பிரியாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கதவைப் பிடித்திருந்த கை கிடுகிடுவென்று நடுங்கியது. புருஷன் பேரைச் சொன்னதும் நடுக்கத்தைப் பார் என்று மாடிகள் திருப்திப்பட்டுக்கொண்டன.

துளசிங்கம் திரும்பி அவளைப் பார்த்தார். உடனே சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு மிட்டாயை எடுத்துத் தாளைப் பிய்த்தார்.

"ஐயோ அண்ணா, உங்க சுகருக்கு மிட்டாய் ஆவாது" என்று, பிரியாணி டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதைப் பிடுங்கப் பாய்ந்தார் செல்வமேரி.

துளசிங்கம் அந்தக் கையைத் தட்டிவிட்டார். மிட்டாயை மருமகள் வாய்க்குள் திணித்தார். இன்னொன்றையும் பிரித்துத் திணித்தார். தோளைப் பிடித்துப் படியில் உட்காரவைத்தார்.

"கடிச்சி முழுங்கு. எத்தினி வாட்டி சொல்றது உனுக்கு?" குரலில் கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

அவளுக்கு மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது. துளசிங்கம் செல்வமேரியின் இடுப்பிலிருந்த டப்பாவை வாங்கினார், மூடியைத் திறந்தார், மருமகள் மடியில் வைத்தார்.

செல்வமேரிக்கு ஒன்றும் ஓடவில்லை. "அப்போ, ஃப்ரிட்ஜ்ல இருந்த ஊசி..."

சொல்லாதீர்கள் மாமா என்பதுபோல அனுப்பிரியா தலையை ஆட்டினாள். இத்தனை நாள் அதற்குக் கட்டுப்பட்டிருந்தவர், மதில்மேல் இருந்த தட்டைக் கை நீட்டிக் காட்டினார்.

"ஊசியும் இவளுது, அந்தத் தட்டும் இவளுது."