பூட்டிய வால்வு

தங்கை தன்மேல் வழக்குப் போட்டுவிட்டாள் என்று கோர்ட் நோட்டீஸ் வந்த அன்று, அண்ணன் தன் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார்.

"என்ன முதலாளி, பேரன் பொறந்திருக்கானா?" என்றார் வெல்டர்.

"அதைவிடப் பெரிசுய்யா. வீடு பொறந்திருக்கு!"

விஷயம் இதுதான். அப்பா தன் மாடி வீட்டை யார் பெயருக்கும் எழுதாமல், உயில் மூலம் ஒரு குடும்ப டிரஸ்ட் ஆக்கிவிட்டுப் போயிருந்தார். நிர்வாகம் மகனுக்கு, பங்கு இருவருக்கும் பாதிப் பாதி.

பெற்ற பிள்ளைகளின் லட்சணம் தெரிந்தவர் என்பதால், கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார். 'இந்த டிரஸ்ட் விஷயமாக யார் முதலில் கோர்ட்டில் மனு கொடுக்கிறாரோ, அவர் பங்கு மற்றவருக்கு.'

ஆக, தங்கையைக் கோர்ட்டுக்குத் துரத்தினால் முழு வீடும் அண்ணனுக்கு.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்குகின்றன; ஒன்று கீழ்வீட்டுக்கு, ஒன்று தங்கை இருக்கும் மாடிக்கு. மாடிக் குழாயின் வால்வை மட்டும் மூடி, சங்கிலி சுற்றிப் பூட்டினார். தங்கை கீழேயிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள்.

படிக்கட்டில் ஒரு பழைய இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைச் சுற்றிக்கொண்டு ஏறினாள்.

"கேஸ் போடேன். உனக்கும் நியாயம் வேணாமா?" என்று அண்ணனே எடுத்துக் கொடுத்தார்.

"எதுக்குண்ணா? படி ஏறினா முட்டிக்கு நல்லதாம்."

"இவ மனுஷியா, மண்ணாங்கட்டியா?" என்று மனைவியிடம் பொருமினார்.

அவருடைய வக்கீலுக்கோ வேறு கவலை. "திடீர்னு ஒரு நாள் அவங்க போய், உங்களைக் கேட்காமலே தடை வாங்கிட்டா? 'என்னைக் கேட்காம உத்தரவு போடாதீங்க'ன்னு முன்கூட்டியே கோர்ட்ல ஒரு கேவியட் போட்டு வைப்போம் சார். தங்கச்சிக்கு ஒரு நகலைப் பதிவுத் தபால்ல அனுப்பிடணும், அவ்வளவுதான்."

"தாராளமா! வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே அணை போட்டுடணும்ல."

உயிலின் அந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டும் அவர் வக்கீலிடம் மூச்சு விடவில்லை. முழு வீடு என்று தெரிந்தால் ஃபீஸை ஏற்றிவிடுவாரே!

தபால்காரர் வந்தபோது தங்கை வாளியைக் கீழே வைத்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தாள். அந்த வாரமே வழக்குப் போட்டாள்.

விசாரணை நாளில் அண்ணன் வக்கீலை முந்திக்கொண்டு எழுந்தார். உயிலின் கடைசி வரியை வாழ்த்துமடல் வாசிப்பது போல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். "ஐயா, கோர்ட்டுக்கு வந்தது அவ. அவ பங்கு எனக்கு!"

அந்த வரியை முதல்முறையாகக் கேட்ட அவர் வக்கீல், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டினார். "இதுக்கு முன்னாடியே ஒண்ணு வந்திருக்கே..."

தங்கை அண்ணன் பக்கம் சாய்ந்து, மெல்லக் கை நீட்டினாள்.

"கேவியட்டும் மனுதாண்ணா. வால்வு சாவியைக் குடு."