எதிர்வரிசையில் கரண்ட் இருந்தது

மறுபடியும் புதிதாக எடுத்த ‘வான்தோணி’ தொடரின் கடைசிப் பகுதியை விடுதிக் கூடத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். கேப்டன் பூமிக்குத் திரும்பவே இல்லை.

“இதுக்காடி இத்தனை வாரம் உட்கார்ந்தோம்?” என்று ஒருத்தி தலையணையை எறிந்தாள்.

“கிராபிக்ஸ் மட்டும் நல்லாருக்கு,” என்றாள் இன்னொருத்தி.

“பழசுல திரும்பி வந்துடுவார்,” என்றாள் எழிலி. “வீட்டு வாசல்ல லைட் எரிஞ்சிட்டிருக்கும்.”

“எந்தப் பழசுல? அதுலயும் வரல. நாங்க குடும்பத்தோட அழுதோம்,” என்றார் வார்டன் பிலோமினா அக்கா. “நீ கனவு கண்டிருப்பே.”

எல்லோரும் சிரித்தார்கள்.

எழிலி பழைய தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்ததில்லை. சிறுவயதில், அது ஒளிபரப்பான அன்று அவர்கள் வீட்டு வரிசையில் கரண்ட் போயிருந்தது, எதிர்வரிசையில் இருந்தது. அண்ணன்தான் ஓடிப்போய், எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வந்தான். கேப்டன் வந்துவிட்டார் என்று அவன் சொன்னபோது இருட்டில் முகம் தெரியவில்லை. வேலை தேடிப் போன அப்பாவிடமிருந்து தகவலே இல்லாத வருஷம் அது.

எழிலி மாடிப்படிக்குப் போய் ஷார்ஜாவில் இருந்த அண்ணனுக்குப் போன் செய்தாள். பொங்கலுக்குப் பிறகு அவர்கள் பேசியிருக்கவில்லை.

“என்ன பாப்பா, திடீர்னு?”

“வான்தோணி கேப்டன் திரும்பி வந்தார்தானேண்ணே?”

அண்ணன் இருந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ இயந்திரத்தின் சத்தம் மெல்ல விலகியது.

“வந்தாரே,” என்றான். “வாசல்ல லைட்கூட எரிஞ்சிட்டிருந்துச்சே.”

“ஆமாண்ணே,” என்றாள்.

இருவரும் போனை வைக்கவில்லை.