வெறும் வயிறு

வெயில் ஏறுமுன்னே கானாவின் குமாசி நகரில் ஒரு பல்கலைக்கழக விடுதி முற்றத்தில், வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மேசைக்குப் பின்னால் பேராசிரியர் போவாடு, சட்டைப் பொத்தான்களை வயிறு இழுத்துப் பிடித்திருக்க, இன்றைய இளைஞர்களின் உடம்பு கெட்டுப்போனது பற்றிப் பேசிக்கொண்டேயிருக்கிறார். மாணவி செர்வாவின் விரலில் எடுத்த ரத்தச் சொட்டுக்குக் கருவியில் எண் எகிறி நிற்கிறது. "பார்த்தீர்களா!" என்கிறார் பேராசிரியர், தங்கச் சுரங்கம் கண்டவர்போல. சர்க்கரை நோயால் அவள் அம்மாவின் காலை வெட்டி எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. செர்வாவின் கண் நிறைகிறது. நர்ஸ் அடோமா அவள் பக்கம் குனிகிறாள். "ஏம்மா, காலையில சாப்பிட்டியா?" "இல்லக்கா, சத்தியமா." "வாயில ஒண்ணுமே வைக்கலையா?" "சர்க்கரை போட்டுக் கஞ்சி குடிச்சேன், ரெண்டு பன் தின்னேன். மரவள்ளி இடிச்ச ஃபுஃபு உருண்டை உள்ள இறங்காம அதெல்லாம் ஒரு சாப்பாடாக்கா?" "அடிப்பாவி! அழாத, கஞ்சிதான் இப்படிக் காட்டுது. நாளைக்குப் பச்சைத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு வா, மறுபடி பாப்போம்." செர்வா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கிறாள். அடோமா நிமிர்கிறாள். "புரொபசர், நீங்க அடிச்சுக் குடுத்த படிவத்துலயும் 'சாப்பிட்டாயா'ன்னுதான் இருக்கு. இதுவரைக்கும் வந்த நாப்பது பேரும் இல்லைன்னு எழுதிட்டாங்க." பேராசிரியர் தொண்டையைச் செருமுகிறார். "கஞ்சி குடித்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள்." மொத்த வரிசையும் கை தூக்குகிறது.