கசியாத கல்

“சார், ஓடி வாங்க! மீட்டர் முள்ளு அசையவே இல்ல!”

நித்தியா போட்ட சத்தத்தில் கணேஸ்வரன் கையிலிருந்த தே தாரிக் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டு ஓடி வந்தார். ரவாங்கில் இருக்கும் அந்தச் சின்னப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர்தான் முதலாளி.

“நல்லா பாத்தியா?”

“காலையிலேர்ந்து அதத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்! கல்லுக்கு இந்தப் பக்கம் அடைச்ச கேஸ் அப்படியே நிக்குது. அந்தப் பக்கம் துளிகூட வரல.”

கடலுக்கடியில் தோண்டி எடுத்த விரல் நீளக் கல் அது. ஆலைகள் கக்கும் கரியமில வாயுவை அங்கே புதைக்கப் போகிறார்கள். மேலே மூடியாக இருக்கும் இந்தப் பாறை கசியக் கூடாது. கசிகிறதா என்று அளந்து சொல்வது இவர்கள் வேலை. கல் தேறினால் அடுத்தடுத்த கற்களும் இங்கேதான் வரும். ஒப்பந்தத்தில் இருக்கும் நித்தியாவுக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் அவள் பழையபடி கையுறைத் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போக வேண்டும். புருஷனோ லோரி ஓட்டுபவன். பிள்ளையை யார் பார்ப்பது?

“ஆனா சார், போன மாசம் இதே பாறையோட இன்னொரு துண்டு கசிஞ்சிச்சே?”

“அதுக்குத்தானே கெஞ்சிக் கூத்தாடி ரெண்டாவது துண்டு வாங்கினேன்! வால்வெல்லாம் பாத்தியா?”

“பாத்துட்டேன். குழாயில அடைப்பே இல்ல.”

“அப்புறம் என்னலா? ரிப்போர்ட்ட அனுப்பு. உன் பெர்மனன்ட் லெட்டர் இன்னிக்கே ரெடி!”

நித்தியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அறிக்கையை அனுப்பிய கையோடு புருஷனுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, வேல நிரந்தரமாயிடுச்சு! இனிமே பாப்பாவ விட்டுட்டு நைட் ஷிப்ட் போக வேணாம்!”

கணேஸ்வரனுக்கும் வாயெல்லாம் பல்.

“எல்லாம் ஆத்தா புண்ணியம்மா. நேத்து ஆயுத பூசைக்கு மெசினுக்கு மட்டும் பொட்டு வச்சா போதுமான்னு தோணிச்சு. நீ கெளம்பின பிறகு, கல்ல உள்ள வச்சு மூடுறதுக்கு முன்னாடி, அதுக்கும் ரெண்டு முனையிலயும் சந்தனத்தக் கெட்டியா அப்பி விட்டேன்லா!”