ஆட்டுப் பாஷை

மகன் டெரன்ஸ் விரும்பிய சிங்களப் பெண்ணைப் பார்க்க மன்னாரிலிருந்து அவனோடு பஸ் ஏறிய மதலேனம்மாவுக்கு அரை மனசுதான். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளோடு எந்தப் பாஷையில் கொஞ்சுவது என்ற கவலை வழியெல்லாம் அவளை அரித்தது. தெற்கே, கடலோரத்தில் இருந்த பெண்வீட்டில், பெண்ணின் தாய் அக்னஸ் பலகாரத் தட்டை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். மதலேனம்மா சும்மா சிரித்துவைத்தாள். அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு உள்ளே வந்து தட்டில் வாய்வைத்தது.

"சீ, அங்கால போ மூதேவி" என்று அக்னஸ் அதைத் துரத்தினாள்.

மதலேனம்மா நிமிர்ந்தாள். "இவவுக்குத் தமிழ் தெரியுமோ?"

டெரன்ஸ் அக்னஸிடம் சிங்களத்தில் கேட்டுச் சொன்னான். "ஒரு சொல்லும் தெரியாதாம் அம்மா."

"அப்ப இப்ப பேசினது?"

மறுபடி கேட்டவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஆட்டுப் பாஷையாம். இவவின்ர தாய், தாயின்ர தாய் எல்லாரும் ஆடுகளோட அப்பிடித்தான் பேசுவினமாம். சிங்களத்தில சொன்னா ஆடு கேளாதாம்."

மதலேனம்மா சிரிக்கவில்லை. எழுந்து முற்றத்தில் இறங்கி, வேலியோரம் மேய்ந்த ஆடுகளைப் பார்த்து, "வாங்கோடி பிள்ளையள்" என்றாள். அவை தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக அவளிடம் வந்தன.

அக்னஸ் வாசலுக்கு வந்து பார்த்தாள். தானும் முற்றத்தில் இறங்கி வந்து, மதலேனம்மாவின் கையைப் பிடித்தாள். உள்ளே இருந்த பலகாரத்தைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

"வா. தின்னு."